நான்காவது நிமிடத்தில் போனவர்கள்

கரிக்கோல்:

வணக்கம். ஆலோசனை வேண்டும், ஆறுதல் வேண்டாம்.

படம் 84 நிமிடம். இரண்டு அறை, ஒரு மாடிப்படி, நான்கு நடிகர்கள். என்னையும் சேர்த்து ஐந்து பேர் கொண்ட குழு. 19 நாள் படப்பிடிப்பு. கேமரா இரவல். சென்ற மாதம் சிறிய அரங்கு ஒன்றில் திரையிட்டோம். நாற்பது பேர் வந்திருப்பார்கள். ஒருவர்கூட நடுவில் எழுந்து போகவில்லை. முடிந்ததும் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

அதன்பின் இணையத் தளம் ஒன்றில் படத்தை ஏற்றினோம். மூன்று வாரம் கழித்துப் பார்வையாளர் வரைபடம் வந்தது. பார்க்கத் தொடங்கியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நான்காவது நிமிடத்தில் போய்விடுகிறார்கள். படியில் கால் தவறியவனைப் போல அந்த இடத்தில் கோடு விழுகிறது.

அங்கே என்ன இருக்கிறது? அம்மா தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடிக்கிறாள். ஒரே ஷாட், ஒரு நிமிடம் ஐம்பது வினாடி, வசனம் கிடையாது. அரங்கில் இருமல்கூட நின்றுபோனது சரியாக இதே இடத்தில்தான்.

முப்பத்தொன்றாம் நிமிடத்தில் வரும் சண்டையைத் தூக்கி முதலில் வை, துணி மடிப்பதை இருபது வினாடிக்குள் முடி என்கிறார் படத்தொகுப்பாளர். அரங்குக்கு ஒரு வடிவம், கைப்பேசிக்கு ஒரு வடிவம் என்று இரண்டாக வெட்டி வைத்துக்கொள்ளலாமா என்றும் தோன்றுகிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? விருப்பமுள்ளவர்களுக்கு இணைப்பைத் தனிமடலில் அனுப்புகிறேன்.

நேரமில்லை:

இணைப்பு வந்தது, நன்றி. நானும் நான்காவது நிமிடத்தில்தான் போனேன். மறைப்பானேன்?

அரங்கில் யாரும் எழுந்து போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இருட்டில், வரிசையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம், இயக்குநர் வேறு வாசலில் நிற்கிறார். யார் எழுந்து போவார்கள்? அதற்குப் பெயர் கூச்சம். கைப்பேசியில் கூச்சத்துக்கு இடமில்லை என்பதால் அங்கே கிடைக்கிற கணக்கை நான் அதிகம் நம்புவேன்.

வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடிதான் படம் பார்க்கிறேன். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கைப்பேசி. அதற்கென்று எனக்கு வேறு நேரம் கிடையாது. வீட்டில் சோபாவும் பெரிய திரையும் உள்ளவர்கள் என் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். அந்த அம்மாள் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. வேறு படத்துக்குப் போய்விட்டேன்.

பழைய சுருள்:

தம்பி சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. எடிசனின் கினெட்டோஸ்கோப் 1894இல் மக்கள் பார்வைக்கு வந்தபோது அது ஒரு பெட்டி. மேலே ஒரு துளை. குனிந்து ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும். லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குத் திரையிட்டது 1895 டிசம்பர் 28. ஆக, தனியாகப் பார்க்கிற பழக்கம் சேர்ந்து பார்க்கிற பழக்கத்துக்கு அண்ணன். பிறகு வீடியோ கேசட் வந்தது, டிவிடி வந்தது. 1997இல் நிறுவப்பட்டு, டிவிடியைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்த நெட்ஃபிளிக்ஸ் 2007இல் இணையம் வழியாகவே காட்டத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இத்தோடு சினிமா முடிந்தது என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். மூன்று முறை சொல்லி மூன்று முறையும் தோற்றுப்போனேன்.

ஆனால் கூச்சம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தத் திரையிடலில் நான் இருந்தேன். மடிக்கிற துணிகளுக்கு நடுவே ஒரு சிறுவனின் சட்டை இருக்கிறது. அந்த வீட்டில் சிறுவன் யாரும் இல்லை. அவள் அதை எடுத்து, காலரை நீவி, மற்ற துணிகளைப் போலவே மடித்து அடுக்கில் வைக்கிறாள். எனக்கு முன்வரிசையில் இருந்த பெண்மணி மூச்சை உள்ளே இழுத்தது என் காதில் விழுந்தது. கூச்சப்பட்டு யாரும் அப்படி மூச்சு வாங்குவதில்லை.

நேரமில்லை:

எந்தச் சட்டை?

கடைசி வரிசை:

இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் உருப்படியான பதிவு மேலே உள்ள இரண்டு சொல்தான்.

கைப்பேசியிலேயே மூன்று முறை நிறுத்திப் பார்த்தேன். சட்டை இடது கீழ் மூலையில் இருக்கிறது. என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. சாம்பல் தரையில் சாம்பல் சட்டை. ஐயா பார்த்த திரையில் அது ஓர் ஆள் உயரம் இருந்திருக்கும். இருவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. இதில் ரசனையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

கரிக்கோலிடம் ஒரு கேள்வி. மழுப்பாமல் பதில் வேண்டும். அந்த ஷாட் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி நீள்வது நீங்கள் எடுத்த முடிவா, வேறு கோணம் எடுக்க முடியாமல் போனதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஏன் கேட்கிறேன் என்றால், பணமில்லாமல் எடுத்துப் பெயர் வாங்கியவர்கள் பலர் இல்லாததை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டவர்கள். ராபர்ட் ரோட்ரிகஸ் ‘எல் மரியாச்சி’ எடுத்தபோது அவரிடம் இருந்த கேமரா இரைச்சல் போட்டது. ஒலி இல்லாமல் படம்பிடித்து, கையோடு அதே வசனத்தை நடிகர்களைத் தனியாகப் பேசவைத்துப் பதிவு செய்தார். உதடும் குரலும் விலகுகிற இடத்தில் எல்லாம் வேறு ஷாட்டுக்குத் தாவினார். அந்தப் படத்தின் வேகத்தில் ஒரு பங்கு அப்படி வந்தது. கிறிஸ்டோபர் நோலன் 1998இல் வெளியான ‘ஃபாலோயிங்’ படத்தை வார இறுதிகளில், ஏறத்தாழ ஓராண்டு இழுத்து, 16 மி.மீ. கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஃபிலிமை வீணாக்க வழியில்லை. அதனால் நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்குகளில் முடித்தார்.

எடுக்க முடியாமல் போனதற்குப் படத்தொகுப்பு அறையில் ‘பாணி’ என்று பெயர் சூட்டுவது வேறு வகை. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் சூட்டியிருக்கிறேன்.

கரிக்கோல்:

மழுப்பாமலே சொல்கிறேன். மூன்று ஷாட்டாகத் திட்டமிட்டிருந்தோம். பொதுவான ஒன்று, முகம் ஒன்று, கையும் சட்டையும் ஒன்று. அன்று மாலை ஜன்னல் வெளிச்சம் ஒரு மணி நேரம்தான் மிச்சமிருந்தது. எங்களிடம் இருந்த ஒரே பெரிய விளக்கு மதியமே போய்விட்டது. முதல் ஷாட்டை முடித்துவிட்டுத் திரும்பினால் சுவர் கறுத்துவிட்டது. அடுத்த நாள் நடிகைக்கு வேறு வேலை. படத்தொகுப்பில் பார்த்தபோது அந்த ஒற்றை ஷாட்டே நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததும் உண்மை, வேறு வழி இல்லாததும் உண்மை.

கையை மட்டும் அருகில் வைத்து ஒன்பது வினாடி சோதனைக்காக எடுத்தது ஒன்று வட்டில் கிடக்கிறது. ஃபோகஸ் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அதை நடுவில் செருகினால் சட்டை தெரியும். ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவரின் தாடையைப் பிடித்து ‘இதைப் பார்’ என்று திருப்பியதுபோல் ஆகிவிடும். தானாகக் கண்டுபிடித்தார்கள் என்பதால்தான் அந்தப் பெண்மணி மூச்சை இழுத்தார் என்று நினைக்கிறேன். என்ன செய்வது?

ஒலிவாங்கி:

ஒன்றும் செருக வேண்டாம், சகோதரி. வெட்டவும் வேண்டாம். நேற்று இரவு உங்கள் முதல் ஐந்து நிமிடத்தை நான்கு விதமாகக் கேட்டேன்: ஸ்டூடியோ ஒலிபெருக்கி, தொலைக்காட்சி, கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கி, இயர்ஃபோன். உங்கள் சிக்கல் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது.

துணி மடிக்கிற ஷாட்டுக்கு முன்னால், மூன்றாம் நிமிடம் நாற்பத்தொன்றாம் வினாடியில், பக்கத்து அறையிலிருந்து அப்பா ஏதோ முணுமுணுக்கிறார். ஸ்டூடியோவில் தெளிவாகக் கேட்டது: “அவன் சட்டையைக் கொடுத்துவிடலாம்.” அதற்கு அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த ஷாட்டில் சட்டையை மடித்து மற்ற துணிகளோடு வைக்கிறாள், அதுதான் பதில். இப்படி எழுதத் தெரிந்தவருக்கு என் வணக்கம்.

இப்போது அதைக் கைப்பேசியில் கேளுங்கள். அந்தச் சின்ன ஒலிபெருக்கி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியை ஏறக்குறைய விழுங்கிவிடும். கனமான ஆண் குரலின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. மிஞ்சுவது ‘ச்ச… ட்ட’ என்று இரண்டு மெய்யெழுத்து. இயர்ஃபோனில் கேட்டால் குரலின் அடிப்பகுதி திரும்பி வருகிறது. கூடவே குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும் வந்து குரலின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. அரங்கில் அந்த உறுமல் யாருக்கும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அரங்கின் குளிரூட்டியே அதைவிடச் சத்தம்.

அரங்குக்காக ஒலியைக் கலக்கும் அறையில் ஒலிபெருக்கிகளை 85 டெசிபலுக்கு அளந்து நிறுத்தியிருப்பார்கள். முணுமுணுப்பை முணுமுணுப்பாகவே விடலாம், கதவு அறைவதை அறையாகவே விடலாம். கேட்பவர் கையில் பொத்தான் கிடையாது. கைப்பேசிக்காரர் கையில் பொத்தான் இருக்கிறது, காதைச் சுற்றிப் பஸ் இரைச்சலும் இருக்கிறது. இதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் வசனத்தின் சராசரி அளவு −27 எல்.கே.எஃப்.எஸ். (ஒலி எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும், இரண்டு அலகு கூடலாம் குறையலாம் என்று ஒப்படைப்பு விதியிலேயே எழுதிவைத்திருக்கின்றன. ஆகவே வீட்டுக்கும் கைப்பேசிக்கும் தனிக் கலவை செய்வது வழக்கம்தான். நீங்கள் கேட்ட ‘இரண்டு வடிவம்’ உண்மையில் இங்கே வேண்டும். படம் ஒன்று, ஒலிக்கலவை இரண்டு.

ஷான் பேக்கரின் ‘டேஞ்சரின்’ (2015) படத்தை ஐஃபோன் 5எஸ்-இல் எடுத்தார்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நம்மிடமும் கைப்பேசி இருக்கிறதே என்று கிளம்பிவிடுவார்கள். அதன் ஒலியைத் தனிக் கருவிகளோடு ஒலிப்பதிவாளர்தான் பதிவு செய்தார் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். படம் மங்கலாக இருந்தால் ‘யதார்த்தம்’ என்று பார்வையாளர் மன்னித்துவிடுவார். வசனம் கேட்காவிட்டால் அவருக்குத் தெரிவது ஒன்றுதான்: ‘புரியவில்லை’. நேரமில்லை எழுதியதைத் திரும்பப் படியுங்கள். ‘நீளமாக இருந்தது’ என்று அவர் எழுதவில்லை. ‘என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

செய்ய வேண்டியது: அந்த வசனத்தை மட்டும் அப்பாவாக நடித்தவரை மறுபடி பேசவையுங்கள், அதே அறை கிடைத்தால் நல்லது. அந்த அறையின் வெறும் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்து வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போதாவது செய்யுங்கள். பெட்டியை அணைத்துவிட்டு. எங்கள் தொழிலில் ஒரு பழைய வழக்கம் உண்டு. படப்பிடிப்பில் குளிர்சாதனப் பெட்டியை அணைக்கிறவர் தன் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிட வேண்டும். திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது.

நேரமில்லை:

ஓகோ. எனக்கு அப்பா பேசியதே தெரியாது. யாரோ கதவைச் சாத்தியதாக நினைத்தேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் படத்தில் ஏன் வசனத்துக்குக் கீழே எழுத்து (சப்டைட்டில்) இல்லை? நான் தமிழ்ப் படத்தையும் தமிழ் எழுத்தோடுதான் பார்ப்பேன். என் காது நன்றாகத்தான் இருக்கிறது, பஸ்தான் சத்தம் போடுகிறது. காது கேளாதவர்களும் படம் பார்க்கிறார்கள் என்பது வேறு.

கணக்குப்பிள்ளை:

ஒலி, ஒளி எல்லாம் பேசிவிட்டீர்கள். யாரும் தொடாத ஒன்றை நான் தொடுகிறேன். அந்த வரைபடத்தை அப்படியே நம்பாதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கினர் போனார்கள் என்கிறீர்கள். அவர்களில் எத்தனை பேர் உங்கள் படத்தைத் தேடி வந்தவர்கள்? முந்தைய படம் முடிந்து, தளம் தானாக உங்கள் படத்தை ஓடவிட்டு, அவர் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் ஒரு ‘போனவர்’. முதல் ஐந்து நிமிடத்தில் பெரிய சரிவு இல்லாத படத்தை நான் பார்த்ததில்லை. நான் தயாரித்த இரண்டு படங்களுக்கும் இருந்தது. அதில் ஒன்று சண்டையோடுதான் தொடங்குகிறது.

இன்னொன்று. உங்கள் படத்தைத் தளத்தில் எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ‘திகில்’. இருட்டு மாடிப்படியை முன்னோட்டத்தில் வைத்திருக்கிறீர்கள், அதை நம்பிவிட்டார்கள் போலிருக்கிறது. பேய் வரும் என்று வந்தவன் நான்கு நிமிடம் காத்திருந்ததே பெரிது.

இது இடைத்தரகு நிறுவனத்தின் வேலை. தளங்களில் பல தனிநபரிடம் நேரடியாகப் படம் வாங்குவதில்லை. நடுவில் ஒருவர் வேண்டும். அவர் கேட்கிற பட்டியலைப் பார்த்தால்தான் படம் எடுத்தது சின்ன வேலை என்று தெரியும். படம் யாருக்குச் சொந்தம் என்று காட்டும் உரிமைச் சங்கிலி ஆவணங்கள், வசனம் நீக்கிய இசையும் ஒலியும் கொண்ட தடம், எழுத்துக் கோப்பு, முன்னோட்டம், ஐந்தாறு அளவுகளில் சுவரொட்டி. என் முதல் படத்துக்கு அப்படி ஒரு நிறுவனத்துக்கு முன்பணம் கொடுத்தேன். மூன்று காலாண்டுக்கு அறிக்கை வந்தது. நான்காவது வரவில்லை. மின்னஞ்சல் திரும்பி வந்தது. படம் மட்டும் இன்றுவரை எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, யாருக்குப் பணம் போகிறதோ.

அதனால்தான் ‘ஏழாயிரம் டாலரில் எடுத்த படம்’ என்று யாராவது தொடங்கினால் எனக்கு எரிச்சல் வருகிறது. மேலே சொன்ன ‘எல் மரியாச்சி’யின் கணக்கு அதுதான். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்காக ரோட்ரிகஸ் மருந்துப் பரிசோதனையில் தன் உடம்பையே கொடுத்தார் என்பதும் உண்மை. ஆனால் 1992இல் அதை வாங்கிய நிறுவனம் அன்று அரங்குகளில் ஓடிய 35 மி.மீ. ஃபிலிமுக்கு மாற்றி, ஒலியைச் சீர்செய்து, விளம்பரம் செய்து அரங்குக்குக் கொண்டுவர அதைப்போலப் பல மடங்கு செலவழித்தது. அந்தப் பணத்தை யாரும் கதையில் சேர்ப்பதில்லை. கெவின் ஸ்மித்தின் ‘கிளெர்க்ஸ்’ (1994) 27,575 டாலர் என்பார்கள். பகலில் தான் வேலை பார்த்த கடையில் இரவில் எடுத்தார். கதையோ பகலில் நடக்கிறது. வெளியே இருட்டு தெரியக்கூடாது என்பதற்காக, பூட்டுக்குள் யாரோ சூயிங்கம் திணித்துவிட்டதால் கடையின் இரும்புக் கதவு திறக்கவில்லை என்று கதையிலேயே எழுதிவிட்டார். கெட்டிக்காரத்தனம், மறுக்கவில்லை. ஆனால் இடத்துக்கு வாடகை போட்டிருந்தால் கணக்கு என்ன ஆகியிருக்கும்? உங்கள் ஐந்து பேர் 19 நாள் கூலி வாங்கினார்களா? இரவல் கேமராவுக்கு வாடகை எவ்வளவு? ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. முப்பத்தெட்டாம் நிமிடத்தில் வானொலியில் பழைய பாட்டு ஒன்று வருகிறது. உரிமை வாங்கினீர்களா? சார்ல்ஸ் பர்னெட் மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் எடுத்த ‘கில்லர் ஆஃப் ஷீப்’ 1977இல் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகக் கொடுக்கப்பட்ட படம். அதில் உள்ள பாடல்களுக்கு உரிமை வாங்க வழியில்லாமல், முறையாக அரங்குகளுக்கு வந்தது 2007இல். முப்பது ஆண்டு.

பழைய சுருள்:

கணக்குப்பிள்ளை வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கிறது.

ஒரு திருத்தம். அந்தப் பெண்மணி மூச்சை இழுத்ததற்குச் சட்டை மட்டுமே காரணம் என்று எழுதிவிட்டேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அப்பாவின் வசனம் எனக்கு அரங்கில் கேட்டது. அது கேட்டதால்தான் சட்டையைத் தேடியிருக்கிறேன். கேட்டதை மறந்துவிட்டு, கண்ணாலேயே கண்டுபிடித்ததாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி வரிசை:

எல்லாம் சரி, ஒலியைச் சரிசெய்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். ஷாட்டின் தொடக்கத்தில் அவள் துணிக்குவியலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு வினாடி. அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ‘ஆக்‌ஷன்’ சொன்னது அவருக்குக் கேட்கவில்லை என்றுதான் தோன்றியது.

கரிக்கோல்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

‘ஆக்‌ஷன்’ உண்மையிலேயே கேட்கவில்லை. அடுத்த அறையில் நின்று சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

செய்தது இவை. அப்பாவாக நடித்தவரை அதே அறைக்கு வரவழைத்து அந்த வசனத்தைப் பதினான்கு முறை பேசவைத்தோம். ஒன்பதாவது நன்றாக இருந்தது. கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் தனிக் கலவை தயார். படம் முழுவதற்கும் தமிழ் எழுத்து நானே தட்டச்சு செய்தேன். என் வசனங்களை வரிசையாகப் படித்தபோது நான்கு இடங்களில் வெட்கமாக இருந்தது. வகையை ‘குடும்பம்’ என்று மாற்றச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பி, மூன்றாவதற்குப் பதில் வந்தது. மாடிப்படியை முன்னோட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். வானொலிப் பாட்டுக்கு உரிமை இல்லை. தெரிந்த ஒருவர் அதற்குப் பதிலாக ஒரு மெட்டுப் போட்டுத் தருகிறார், அவருக்குக் கூலி உண்டு. கூலிக் கணக்கும் கூட்டிப் பார்த்தேன், கணக்குப்பிள்ளை. தூக்கம் வரவில்லை.

கையும் சட்டையும் உள்ள அந்த ஒன்பது வினாடியைச் சேர்க்கவில்லை. சேர்த்து ஒருமுறை, சேர்க்காமல் ஒருமுறை பார்த்தேன். வசனம் கேட்டால் அது தேவைப்படவில்லை. தொடக்கத்தில் ஒன்பது வினாடி வெட்டினேன். இரண்டு வினாடி விட்டிருக்கிறேன், அது எனக்காக.

நேரமில்லை:

புதிய இணைப்பை வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பார்த்தேன். எழுத்தைப் போட்டுக்கொண்டுதான். ‘அவன் சட்டையைக் கொடுத்துவிடலாம்’ என்று வந்தது. யார் அவன் என்று யோசித்தேன். பிறகு துணிக்குவியலில் தேடினேன். இடது கீழே இருந்தது.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் வரை பார்த்தேன். இறங்க வேண்டியிருந்தது. மீதியை இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முயல்கிறேன், சத்தியம் செய்ய மாட்டேன்.

ஒலிவாங்கி:

ஒன்பதாவது டேக் நன்றாக இருக்கிறது. ‘கொடுத்துவிடலாம்’ என்பதில் ‘லாம்’ சற்று அமுங்குகிறது. அடுத்த பிரதியில் அரை டெசிபல் ஏற்றுங்கள்.

பெட்டியை அணைத்தீர்கள் அல்லவா? உறுமல் இல்லை. சாவி?

கரிக்கோல்:

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. மூன்று நாள் கழித்து வீட்டுக்காரர்தான் பெட்டியைத் திறந்து பார்த்தார். இனி அந்த அறையை எங்களுக்குத் தர மாட்டாராம்.